கேரம் போர்டு பவுடரும் 864 அணுக்களும்

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. எழுதுபவர் பி.காம்., அதுவும் சிவகாசிப் பக்கம் படித்த பி.காம். வங்கியில் இருபது வருடமாகக் கடன் ஃபைல் பார்க்கிறவர். வேதியியல் தெரிந்த நண்பர்கள் படித்துவிட்டு அடிக்க வராமல் இருந்தால் சரி :-)

சொந்த ஊர் சாத்தூர். வேலை இழுத்துக்கொண்டு வந்து போட்ட இடம் ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி, பெங்களூர் பிரேசர் டவுன். 1898-ல் பிளேக் வந்து பழைய குடியிருப்புகளில் ஜனங்கள் செத்து விழுந்த பிறகு, காற்றோட்டமாக வீடு வேண்டும் என்று திட்டம் போட்டு உருவாக்கிய பேட்டைகளில் இதுவும் ஒன்று. 1906-ல் ஆரம்பம். மைசூர் மகாராஜாவுக்கு ஆசிரியராக இருந்து பிறகு ரெசிடென்ட் ஆன ஸ்டூவர்ட் ஃப்ரேசர் பேரை வைத்தார்கள். 1988-ல் புலிகேசிநகர் என்று மாற்றினார்கள். ஆட்டோக்காரரிடம் புலிகேசிநகர் என்றால் திரும்பிப் பார்ப்பார், பிரேசர் டவுன் என்றால்தான் மீட்டர் போடுவார். (போடுவார் என்பது ஒரு பேச்சுக்கு.)

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஒரு ராத்திரி பத்தரை மணி. மகள் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்து உட்கார்ந்திருக்கிறாள். எம்.எஸ்ஸி. கடைசி வருடம். திரையில் பச்சையும் நீலமுமாகக் குட்டிக் குட்டி உருண்டைகள் கொசு மாதிரி அலைகின்றன. கொஞ்ச நேரத்தில் நாலைந்து ஒட்டிக்கொள்கின்றன, பிரிகின்றன, மறுபடி ஒட்டுகின்றன.

"என்னம்மா இது, கேமா?"

"இல்லப்பா. போரானும் நைட்ரஜனும். கூண்டு மாதிரி மூலக்கூறு எப்படி உருவாகுதுன்னு சிமுலேஷன்."

"இது நிஜமா நடந்ததா?"

"நிஜமா நடந்தா எப்படி நடக்கும்னு கணக்குப்பா."

இந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. காரணம் உண்டு. அவளுக்கு ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. இதே சிமுலேஷன் துறையில் பிஎச்.டி. சேரவும் ஓரிடத்தில் இடம் கிடைத்திருக்கிறது. ஆராய்ச்சி மாணவருக்கான ஜேஆர்எஃப் உதவித்தொகையை 2023-ல் மாதம் 37,000 ரூபாயாகக் கூட்டினார்கள், அது தெரியும். கம்பெனிச் சம்பளம் அதைவிட இரண்டு மடங்கு. வீட்டுக் கடன் இன்னும் ஒன்பது வருடம் பாக்கி. எதில் சேருகிறாய் என்று இரண்டு பக்கமும் வெள்ளிக்கிழமைக்குள் கேட்கிறார்கள். கணக்குதான் என்றால், எந்தக் கணக்கை நம்பி ஐந்து வருடத்தைக் கொடுப்பது?

கேள்வி கேட்க வேண்டுமென்றால் முதலில் விஷயம் தெரிய வேண்டும். கடன் கேட்டு வருகிறவரின் தொழில் என்ன என்று தெரியாமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை. அதனால் மூன்று வாரம் ராத்திரி ராத்திரி படித்தேன். படித்ததில் எனக்குப் புரிந்த சரித்திரத்தை இங்கே எழுதி வைக்கிறேன்.

*

முதலில் சரக்கு என்ன என்று பார்த்துவிடுவோம்.

தனிம அட்டவணையில் போரான், கார்பன், நைட்ரஜன் மூன்றும் அடுத்தடுத்த வீடு. போரானுக்கு 5 எலக்ட்ரான், கார்பனுக்கு 6, நைட்ரஜனுக்கு 7. ஒரு போரானும் ஒரு நைட்ரஜனும் சேர்ந்தால் 12. இரண்டு கார்பன் சேர்ந்தாலும் 12. கூட்டுத்தொகை ஒன்று என்பதால் குணத்திலும் ஒற்றுமை. கார்பன் அறுகோண வலையாகப் படிந்தால் கிராஃபைட், பென்சில் உள்ளே இருக்கும் கறுப்பு. போரான் நைட்ரைடும் அதே மாதிரி அறுகோண வலையாகப் படியும், ஆனால் வெள்ளை. 'வெள்ளை கிராஃபைட்' என்றே ஒரு பேர் உண்டு. முகப் பவுடரில், லிப்ஸ்டிக்கில் வழவழப்புக்காகச் சேர்க்கிறார்கள். கிராஃபைட் மின்சாரம் கடத்தும், இது கடத்தாது. 1957-ல் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் ராபர்ட் வென்டார்ஃப் என்பவர் இதை அழுத்திச் சூடாக்கி, வைரத்துக்கு அடுத்தபடி கடினமான இன்னொரு வடிவத்தையும் செய்துவிட்டார்.

1985 செப்டம்பரில் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் க்ரோட்டோ, ஸ்மாலி, கர்ல் மூவரும் மாணவர்களோடு சேர்ந்து கிராஃபைட் மேல் லேசர் அடித்தபோது 60 கார்பன் அணுக்கள் சேர்ந்த ஒரு மூலக்கூறு வந்தது. உருவம் கால்பந்து. 12 ஐங்கோணம், 20 அறுகோணம். 1996-ல் மூவருக்கும் நோபல் பரிசு. 1991-ல் ஜப்பானில் ஈஜிமா கார்பன் நானோ குழாய்களைக் காட்டினார். உடனே எல்லோருக்கும் அதே கேள்வி: கார்பன் செய்கிற வேலையை அதன் பங்காளி போரான் நைட்ரைடு செய்யாதா?

குழாய் விஷயத்தில் செய்தது. 1994-ல் பெர்க்லியில் ரூபியோ, கோர்கில், கோஹன் என்ற மூவர் போரான் நைட்ரைடு குழாய் நிலையாக நிற்கும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார்கள். 1995-ல் அதே ஊரில் சோப்ரா, ஜெட்டில் குழுவினர் செய்தே காட்டிவிட்டார்கள். (இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: முதலில் கணக்கு, அப்புறம் பொருள்.)

கூண்டு விஷயத்தில்தான் ஒரு முடிச்சு. பாத்ரூம் டைல்ஸ் மாதிரி வெறும் அறுகோணமாக ஒட்டிக்கொண்டே போனால் தரைதான் வரும், பந்து வராது. வளைத்து மூட வேண்டுமென்றால் சின்ன வளையங்கள் நடுவில் வர வேண்டும். ஆய்லர் என்ற பழைய கணித மேதையின் சூத்திரப்படி, ஒவ்வொரு அணுவும் மூன்று பேரோடு கைகோத்திருக்கும் வலையை மூடுவதற்கு 12 ஐங்கோணம் வேண்டும், இல்லாவிட்டால் 6 சதுரம் வேண்டும். கார்பன் ஐங்கோணத்தை எடுத்துக்கொண்டது.

போரான் நைட்ரைடுக்கு ஐங்கோணம் ஒத்துவராது. ஏன்? கல்யாண வீட்டில் ஒரு வட்ட மேசை. மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டார் என்று மாற்றி மாற்றி உட்கார வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு நாற்காலி என்றால் சரியாக வரும். நாலு நாற்காலி என்றாலும் வரும். ஐந்து நாற்காலி போட்டால் எப்படி மாற்றினாலும் ஓரிடத்தில் ஒரே வீட்டார் இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். போரான் பக்கத்தில் போரான், நைட்ரஜன் பக்கத்தில் நைட்ரஜன் வந்தால் அந்தப் பிணைப்பு பலவீனம். அதனால் சதுரம்தான் வழி. சதுரத்திலும் அணுக்கள் நெருக்கடியில் கோணிக்கொண்டுதான் உட்காரும், ஆனாலும் ஒரே வீட்டார் சேர்வதைவிடச் செலவு குறைவு. 6 சதுரமும் 8 அறுகோணமும் சேர்த்து, 12 போரான் 12 நைட்ரஜன் கொண்ட கூண்டு நிலையாக இருக்கும் என்று 1993-ல் ஜென்சன், டாஃப்ட்லண்ட் இருவரும் கணக்கிட்டார்கள்.

1998-ல் கோல்பெர்க், பாண்டோ குழுவினர் போரான் நைட்ரைடு மேல் எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சி, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். கால்பந்து இல்லை. ஆறு மூலை கொண்ட எண்முகக் கூண்டுகள். மூலைக்கு ஒரு சதுரம் என்று வைத்தால் ஆறு மூலைக்கு ஆறு சதுரம். எனக்கு இதைப் படித்தபோது, லெட்ஜர் இரண்டு பக்கமும் டேலி ஆன ராத்திரி நினைவு வந்தது.

*

சரி, கூண்டு இருக்கிறது. அது எப்படி உருவாகிறது? பல ஆயிரம் டிகிரி சூட்டில், கண் சிமிட்டுவதில் கோடியில் ஒரு பங்கு நேரத்தில் நடக்கிற வேலை. எந்த நுண்ணோக்கியும் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. அங்கேதான் என் மகளின் கொசுக்கூட்டம் வருகிறது. அந்தக் கொசுக்கூட்டத்தின் சரித்திரத்தைத் தேடிப் போனால் நடுவில் நிற்கிறவர் நம் பக்கத்து ஊர்க்காரர், ஹைதராபாத்காரர் என்பது எனக்கு இத்தனை வயதுவரை தெரியாது.

அதற்கு முன்னால் கேரம் போர்டு. 1957-ல் கலிபோர்னியாவின் லிவர்மோர் ஆய்வகத்தில் ஆல்டர், வெயின்ரைட் இருவரும் கம்ப்யூட்டருக்குள் அணுக்களை வெறும் கெட்டி உருண்டைகளாக வைத்தார்கள். நேராகப் போகும், மோதும், திரும்பும். அவ்வளவுதான். 1962-ல் அதையே தட்டையான வட்டுகளாக வைத்தும் செய்தார்கள். அதாவது கேரம் காய்கள். ஒட்டாது, இழுக்காது, முட்டிக்கொள்ளும். அதிலேயே திரவம் திடமாக உறையும் மாதிரி ஒரு மாற்றத்தைப் பார்த்தார்கள்.

ஆனால் நிஜ அணுக்கள் கேரம் காய் இல்லை. கொஞ்சம் தூரத்தில் ஒன்றையொன்று இழுக்கும், ரொம்ப நெருங்கினால் தள்ளும். (சொந்தக்காரர்கள் மாதிரி.) இதைச் சேர்த்துக் கணக்குப் போட்டவர்தான் அனீசுர் ரஹ்மான்.

1927-ல் ஹைதராபாத்தில் பிறந்தவர். உஸ்மானியா பல்கலைக்கழகம், கேம்பிரிட்ஜ், பிறகு பெல்ஜியத்தில் லூவேன். திரும்பி வந்து உஸ்மானியாவில் பாடம் எடுத்தார். 1960-ல் அமெரிக்காவில் சிகாகோ பக்கம் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் சேர்ந்தார். தற்செயலைப் பாருங்கள், அவர் எடுத்துக்கொண்ட பொருளும் ஆர்கான் வாயு, திரவமாகக் குளிர்வித்தது! (தமிழில் எழுதினால் ஆய்வகமும் வாயுவும் ஒரே மாதிரி தெரிகிறது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை.)

864 அணுக்கள். ஒரு கற்பனைப் பெட்டி. பெட்டியின் சுவரில் மோதினால் கணக்கு கெட்டுவிடும் என்பதால், வலப்பக்கம் வெளியே போகிற அணு இடப்பக்கமாக உள்ளே வந்துவிடும். பழைய நோக்கியா போனில் பாம்பு கேம் ஆடியவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். ஒவ்வொரு அணுவையும் அதன் பக்கத்து அணுக்கள் எவ்வளவு இழுக்கின்றன, தள்ளுகின்றன என்று கூட்டி, நியூட்டன் விதிப்படி ஒரு துளி நேரம் நகர்த்துவது. ஒரு துளி என்றால் ஒரு விநாடியைக் கோடி கோடியாக வகுத்ததில் ஒரு பங்கு, 10-க்கு மேல் மைனஸ் 14. நகர்த்தியபின் மறுபடி முதலிலிருந்து கூட்டுவது. 864 பேரில் யார் யாருக்குப் பக்கம் என்று பார்க்க மட்டும் 3,72,816 ஜோடிகள். கையால் செய்தால் ஜென்மம் போதாது. அவரிடம் சிடிசி 3600 என்ற கம்ப்யூட்டர் இருந்தது.

1964-ல் 'பிசிகல் ரெவ்யூ' இதழில் கட்டுரை வந்தது. அணுக்கள் ஒன்றைச் சுற்றி ஒன்று எப்படி அடுக்கி நிற்கின்றன, எவ்வளவு வேகமாகப் பரவுகின்றன என்று கணக்கில் வந்த எண்கள் ஆய்வகத்தில் அளந்த எண்களோடு நன்றாகவே ஒத்துப்போயின. இன்று மருந்து கம்பெனி முதல் பேட்டரி ஆராய்ச்சி வரை செய்கிற 'மூலக்கூறு இயக்கவியல்' கணக்குகளுக்கு அதுதான் அஸ்திவாரம். 1971-ல் ஸ்டிலிஞ்சர் என்பவரோடு சேர்ந்து 216 தண்ணீர் மூலக்கூறுகளை வைத்துத் தண்ணீரையே கணக்கில் கொண்டுவந்தார். 1980-ல் இத்தாலிக்காரர் மிக்கேலே பாரினெல்லோவோடு சேர்ந்து, பெட்டியே உருவம் மாறுகிற மாதிரி ஒரு முறையைச் செய்தார். 1987-ல் 59 வயதில் காலமானார். அமெரிக்க இயற்பியல் கழகம் 1993 முதல் அவர் பேரில் பரிசு கொடுக்கிறது.

இங்கே ஒரு சின்ன விஷயம். 1964-ல் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. அதுவும் சிடிசி 3600. அவர் அங்கே கட்டுரை வெளியிட்ட அதே வருடம், அதே மாடல். சராசரி இந்தியன் ஒருவன் இதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த பாராவுக்குப் போக வேண்டியதுதான்.

*

ஆர்கான் சமர்த்து வாயு. யாரோடும் பிணைப்பு வைக்காது. போரானும் நைட்ரஜனும் அப்படி இல்லை. பிணைப்பு உண்டாகும், உடையும். அதற்கு எலக்ட்ரான்களின் கணக்கையும் சேர்க்க வேண்டும், அதாவது குவாண்டம். 1985-ல் ரொபெர்த்தோ கார் என்பவரும், ரஹ்மானோடு வேலை பார்த்த அதே பாரினெல்லோவும், இத்தாலியின் ட்ரியெஸ்தே நகரில் அணு நகர்வதையும் எலக்ட்ரான் கணக்கையும் ஒன்றாக ஓட்ட வழி கண்டுபிடித்தார்கள். கால்பந்து கார்பன் வந்த அதே 1985. பத்து வருடம் கழித்து இருவருக்கும் கிடைத்த பரிசுகளில் ஒன்று, ரஹ்மான் பேரில் உள்ள பரிசு.

அதற்கப்புறம் கூண்டு உருவாவதைக் கணக்கில் 'பார்க்க' ஆரம்பித்தார்கள். கார்பன் விஷயத்தில் இர்லே, மொரோக்குமா குழுவினர் 2006 வாக்கில் ஒரு ஆச்சரியம் சொன்னார்கள். அணு அணுவாகச் சேர்ந்து ஒழுங்காக 60-ல் போய் நிற்பதில்லை. முதலில் அலங்கோலமாக ஒரு பெரிய கூண்டு மூடிக்கொள்கிறது. அப்புறம் சூட்டில் துள்ளித் துள்ளி இரண்டிரண்டு கார்பனாக உதறிவிட்டுச் சுருங்குகிறது.

போரான் நைட்ரைடில் இன்னொரு தொல்லை. நைட்ரஜனுக்குத் தன் ஜோடி நைட்ரஜன்மேல்தான் பாசம். இரண்டும் சேர்ந்தால் மூன்று பிணைப்பு போட்டுக்கொண்டு காற்றோடு போய்விடும், பிரிக்கப் பெரும் சக்தி வேண்டும். அதனால் எந்தப் பொருளிலிருந்து தொடங்குகிறோம் என்பதே முக்கியம் ஆகிவிடுகிறது. 2018-ல் அமெரிக்காவின் ஸ்டோனி புரூக்கில் கிர்ஸ்டிச், ஹான் முதலியோர் போரான், நைட்ரஜன், ஹைட்ரஜன் கலந்த பதினோரு வகைத் தொடக்கப் பொருட்களை எடுத்து, சூடான வாயுவில் கூண்டும் குழாயும் எப்படி வருகின்றன என்று ஓட்டிப் பார்த்தார்கள். நானோ விநாடி அளவுக்கு. சிரிக்காதீர்கள். ஒரு அடிக்கு ஒரு ஃபெம்டோ விநாடி என்று வைத்தால், ஒரு நானோ விநாடி போக 10 லட்சம் அடி. ஒவ்வொரு அடிக்கும் குவாண்டம் கணக்கு.

*

இனி நம்ம ஊர். 1980-களில் இந்தியா அமெரிக்காவிடம் கிரே சூப்பர் கம்ப்யூட்டர் கேட்டது. அணுகுண்டுக்குப் பயன்படுத்துவீர்களோ என்று இழுத்தடித்து, கேட்டதைவிடச் சின்ன மாடலை, வானிலைக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்தார்கள். 1989-ல் டெல்லியில் அது வேலை தொடங்கியது. இதற்குள் பெங்களூரில் தேசிய விமானவியல் ஆய்வகம் 1986-லேயே 'ஃப்ளோசால்வர்' என்று சின்னச் சின்ன பிராசசர்களைச் சேர்த்து ஒரு இணைக் கணினி செய்திருந்தது. 1988-ல் சி-டாக் தொடங்கி, 1991-ல் பரம் 8000 வந்தது. டாடா இன்ஸ்டிட்யூட் என்று பெங்களூர் பெரியவர்கள் சொல்கிற ஐஐஎஸ்சி-யில் 2015-ல் 'சஹஸ்ரட்' நிறுவினார்கள். கம்பெனி? அதே கிரே! 2022-ல் அங்கேயே பரம் பிரவேகா, 3.3 பெட்டாஃப்ளாப். நம் பாஷையில் விநாடிக்கு 3,300 லட்சம் கோடிக் கணக்கு. என் வீட்டிலிருந்து ஜெயமஹால் ரோடு வழியாக, மேக்ரி சர்க்கிள் டிராஃபிக்கையும் சேர்த்து முக்கால் மணி நேரம்.

கணக்கு மட்டுமில்லை, அடுப்பும் இங்கே எரிந்தது. ஜக்கூரில் 1989-ல் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு மையத்தில் சி.என்.ஆர். ராவ் குழுவினர், கோவிந்தராஜ் முதலியோர், 2002-ல் போரிக் அமிலத்தைக் கார்பனோடு சேர்த்து அம்மோனியாவில் சூடாக்கி போரான் நைட்ரைடு குழாய்கள் செய்தார்கள். 2010-ல் போரிக் அமிலத்தோடு யூரியாவைச் சேர்த்துச் சூடாக்கி, சில அடுக்கே கொண்ட போரான் நைட்ரைடு தாள்கள். யூரியாவைக் கூட்டினால் அடுக்கு குறையும். அந்தக் கட்டுரையில் உமேஷ் வாக்மரே குழுவின் குவாண்டம் கணக்கும் கூடவே இருக்கிறது. அடுப்பும் கணக்கும் ஒரே கட்டுரையில்.

போரிக் அமிலம் என்றால் வேறொன்றுமில்லை. சாத்தூரில் எங்கள் தெருமுனை மன்றத்தில் கேரம் போர்டில் தூவுவோமே, அந்த வெள்ளைப் பவுடர். யூரியா, எங்கள் அப்பா பருத்திக்குப் போட்டது. இரண்டையும் கையில் அள்ளியிருக்கிறேன், ஒன்றாகப் பார்க்கத் தோன்றியதே இல்லை.

*

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். நம்பலாமா?

ரஹ்மான் வகைக் கணக்கில் ஒரு சோதனை உண்டு என்று படித்தேன். அணுக்களின் இயக்க ஆற்றலையும் நிலை ஆற்றலையும் கூட்டினால், முதல் அடியிலும் கடைசி அடியிலும் கூட்டுத்தொகை மாறக் கூடாது. மாறினால் எங்கோ தப்பு. அட, இது டிரையல் பாலன்ஸ்!

பி.காம். முதல் வருடத்தில் டிரையல் பாலன்ஸ் சொல்லிக்கொடுத்த கையோடு வாத்தியார் இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார். டிரையல் பாலன்ஸ் டேலி ஆனால் கணக்கு சரி என்று அர்த்தமில்லை. ஒரு பதிவையே விட்டிருக்கலாம். தப்பான தலைப்பில் எழுதியிருக்கலாம். இரண்டு தப்பு ஒன்றையொன்று ஈடு கட்டியிருக்கலாம். அதனால்தான் பாங்கு ஸ்டேட்மென்ட்டோடு ஒப்பிடுகிறோம், குடோனுக்குப் போய் மூட்டையை எண்ணுகிறோம். எங்கள் தொழிலில் குடோனுக்குப் போகாமல் பேப்பரை மட்டும் பார்த்துக் கொடுத்த கடன்கள் என்ன ஆயின என்று எனக்குத் தெரியும். அப்படி ஒன்றில் என் கையெழுத்தும் இருந்தது, இரண்டு வருடம் தூக்கமில்லை. அதைப் பற்றி இன்னொரு நாள்.

ரஹ்மானை நம்பியது அவர் எண்கள் உள்ளுக்குள் டேலி ஆனதால் மட்டுமில்லை. ஆய்வகத்து ஆர்கானோடு ஒப்பிட்டுக் காட்டினார். 1993-ன் ஆறு சதுரக் கணக்கை நம்பியது 1998-ல் நுண்ணோக்கி எண்முகத்தைக் காட்டியதால். ஜக்கூர்க்காரர்கள் அடுப்பைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். சரித்திரம் முழுக்க யாரோ ஒருவர் குடோனுக்குப் போயிருக்கிறார்.

வியாழக்கிழமை ராத்திரி மாஸ்க் ரோடு பக்கம் இரண்டு பேரும் நடந்தோம். நான் சம்பளம் பற்றிப் பேசவில்லை. ஒன்றுதான் கேட்டேன்.

"உன் கூண்டு கணக்கில் வருது, அடுப்பில் வரலைன்னா என்னம்மா செய்வ?"

கொஞ்சம் யோசித்தாள். "அப்போ என் கணக்குதான் தப்புன்னு முதல்ல தேடுவேன்ப்பா. ஏற்கெனவே ரெண்டு தடவை தேடியிருக்கேன். ஒரு தடவை கிடைச்சுது. இன்னொண்ணு இன்னும் கிடைக்கல."

"கிடைக்காததை எழுதி வச்சிருக்கியா?"

"வச்சிருக்கேன். கைடுகிட்டயும் சொல்லிட்டேன்."

என் கிளையில் புதிதாகச் சேருகிற அதிகாரிகளிடம் நான் எதிர்பார்க்கிற பதில் இது, முக்கால்வாசிப் பேர் சொல்வதில்லை.

வெள்ளிக்கிழமை அவள் கம்பெனிக்கு நன்றி சொல்லி மெயில் அனுப்பினாள். நான் வீட்டுக் கடன் அட்டவணையை எடுத்து, ஒரே சம்பளத்தில் ஒன்பது வருடம் என்று மறுபடி போட்டுப் பார்த்தேன். காரை மாற்றுவதைத் தள்ளிப்போட்டால் டேலி ஆகிறது. நிஜத்தில் ஆகுமா என்று ஒன்பது வருடம் கழித்துச் சொல்கிறேன்.

பி.கு.: இந்த முறை ஊருக்குப் போனபோது பரணிலிருந்து பழைய கேரம் போர்டைக் கொண்டுவந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிரேசர் டவுன் பக்கம் வருகிற நண்பர்கள் எட்டிப் பாருங்கள். பவுடர் வாங்கி வைத்திருக்கிறேன் :-)